காலை பஸ்ஸில் மூன்றாவது ஆள்

லக்சாயினி தன்னை ‘அன்ரி’ என்று கூப்பிட்டதைப் பத்மாசனி பெரிதாக எடுத்திருக்க மாட்டாள். இருபத்தைந்து வயதுப் பிள்ளை, ஐம்பதை நெருங்குகிற ஒருத்தியை வேறு எப்படிக் கூப்பிடும்? ஆனால் அதே வாயால், அதே நிமிடத்தில், பஸ்ஸில் பக்கத்தில் இருந்த ரபீக்காவை அவள் ‘அக்கா’ என்றாள். ரபீக்காவுக்கும் பத்மாசனிக்கும் மூன்றே வயதுதான் வித்தியாசம். அன்று தான் வேலை செய்யும் காணிக் கந்தோரில் கைகழுவப் போன பத்மாசனி, அங்கிருந்த கண்ணாடியில் தன் முகத்தை வழமையை விடக் கூடுதலான நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தம்பலகாமத்து ஆட்கள் திருகோணமலைப் பட்டணத்துக்கு வேலைக்குப் போகிறபோது, வயல் வீதியால் மோட்டார் சைக்கிளிலோ ஸ்கூட்டியிலோ வந்து, கண்டி வீதிச் சந்தியில் மஹ்ரூபின் வளவுக்குள் வாகனத்தை விட்டுவிட்டு பஸ் ஏறுவார்கள். பெற்றோலுக்கு வரிசையில் காத்துக் கிடந்த வருடத்தில், சும்மா கிடந்த வளவுக்குத் தகரம் போட்டு எல்லோரும் அண்ணன் முறையில் ‘நானா’ என்று கூப்பிடும் மஹ்ரூப் தொடங்கிய வாகனப் பாதுகாப்பு நிலையம் அது. பெற்றோல் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகும் ஆட்கள் அந்தப் பழக்கத்தை விடவில்லை. டிப்பர்கள் பறக்கிற வீதியில் காலையும் மாலையும் ஸ்கூட்டி ஓட யாருக்கு விருப்பம்? வாகனத்தை நிழலில் விட்டு, ஹெல்மட்டை மஹ்ரூபிடம் கொடுத்து, கந்தளாயிலிருந்து வருகிற பஸ்ஸில் ஏறினால் வேலைக்கு நேரத்துக்குப் போய்விடலாம்.

ரபீக்கா சந்திக்கு முன்னமே, முள்ளிப்பொத்தானையில் ஏறிவிடுவாள். அவளுக்கு ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் பகுதியில் வேலை. இடப்பக்கத்து இருவர் இருக்கையில் யன்னலோரத்தில் தன் பையை வைத்துப் பத்மாசனிக்கு இடம் பிடித்திருப்பாள். காற்றுப் படாவிட்டால் பத்மாசனிக்குத் தலை சுற்றும் என்பது அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரிந்தது அது மட்டுமல்ல. மகன் பிரவீனன் கட்டாருக்குப் போன கிழமை, கணவன் கதிரவேலுக்கு முன்னால் அழாமல் அடக்கி வைத்த அழுகையை எல்லாம் பத்மாசனி அந்த யன்னலோரத்தில்தான் அழுது தீர்த்தாள். பாலையூற்று வரும்வரை ரபீக்கா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கந்தோரிலும் ஊரிலும் பத்மாசனிக்குப் பேச ஆட்கள் நிறையப் பேர் இருந்தார்கள். மனதில் உள்ளதை அப்படியே கொட்ட ஒருத்திதான் இருந்தாள்.

லக்சாயினி புதிதாகப் பட்டணத்து வங்கியொன்றில் பயிற்சிக்குச் சேர்ந்தாள். பத்மாசனியின் ஊர்தான், இரண்டு ஒழுங்கை தள்ளி வீடு. நெடுநெடுவென்று உயரம். எதைச் சொன்னாலும் பாதியிலேயே சிரித்துவிடுவாள். முதல் நாள் நின்றுகொண்டு வந்தாள். அடுத்த நாளும் நின்றுகொண்டு வந்தாள். மூன்றாம் நாள் பத்மாசனி ஏறியபோது ரபீக்கா வலப்பக்கத்து மூவர் இருக்கைக்கு மாறியிருந்தாள்.

“பத்மாக்கா, இவவும் நம்மளோட இரிக்கட்டும். பாவம், ஒவ்வொரு நாளும் நிண்டுதானே வாறா.”

யன்னலோரம் ரபீக்கா இருந்தாள். மெலிந்த பிள்ளை என்பதால் லக்சாயினி நடுவில். பத்மாசனிக்குக் கிடைத்தது வெளிக்கரை. கப்பல்துறை தாண்டுவதற்குள் நிற்கிற ஆட்களின் பைகள் அவளுடைய தோளை இடித்தன. தலையும் சுற்றியது. ரபீக்கா அதைக் கவனிக்கவில்லை. லக்சாயினியின் கைபேசியில் என்னவோ பார்த்து இரண்டு பேரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“என்ன அது?” என்று பத்மாசனி கேட்டாள்.

“அது உங்களுக்கு விளங்காது அன்ரி” என்றாள் லக்சாயினி, சிரிப்பை அடக்க ஏலாமல்.

இதற்குப் பிறகு பத்மாசனியின் காலைகள் கெட்டுப்போயின. ரபீக்கா என்ன சொன்னாள், யாரைப் பார்த்துச் சொன்னாள், எத்தனை தரம் அந்தப் பக்கம் திரும்பினாள் என்றெல்லாம் மனம் தானாகக் கவனித்தது. ரபீக்காவின் மகள் அம்ரா சோதனையில் நல்ல பெறுபேறு எடுத்த செய்தியை லக்சாயினி வாயால்தான் அவள் கேட்டாள். “உங்களுக்குத் தெரியாதா அன்ரி? ராத்திரியே அக்கா எனக்கு மெசேஜ் போட்டவ” என்று அந்தப் பிள்ளை வெள்ளையாகத்தான் சொன்னது. பத்மாசனிக்கோ சூடான தேத்தண்ணீரை ஒரே மிடறாக விழுங்கியதைப் போல நெஞ்சு எரிந்தது. “சந்தோசம்” என்றாள். அந்தச் சொல்லைச் சொல்லி முடிக்க அவளுக்கு நேரம் எடுத்தது.

வீட்டில் கதிரவேல் கேட்டார்: “என்னப்பா, கொஞ்ச நாளா முகம் ஒரு மாதிரி இருக்கு?”

“பஸ்ஸில சனம் கூட.”

“சனம் எப்பவும்தானே கூட.”

ஒரு சின்னப் பிள்ளையைப் பார்த்து எரிந்துகொண்டிருக்கிறேன் என்று கட்டின புருசனிடம் எப்படிச் சொல்வது?

மழைக்காலம் தொடங்குவதற்கு முன், கப்பல்துறைப் பக்கம் வீதி திருத்தும் வேலை ஆரம்பித்தது. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் திரும்பி வருகையில் கொண்டக்டர் தர்சன் பஸ்ஸின் நடுவில் நின்று சத்தமாகச் சொன்னான்: “திங்கக்கிழமையிலயிருந்து காலமை பஸ் அரை மணித்தியாலம் முந்தி வெளிக்கிடும். ரோட்டு வேலை முடியிற வரைக்கும் அப்பிடித்தான். பிறகு சொல்லேல்ல எண்டு என்னோட சண்டைக்கு வராதையுங்கோ!”

அன்று லக்சாயினி பஸ்ஸில் இல்லை. லீவு. அவளுடைய கைபேசியும் முதல் நாள்தான் கிணற்றுக்குள் விழுந்து, திருத்தக் கொடுத்தபடி.

“பத்மாக்கா, அந்தப் புள்ளைக்கிட்டச் சொல்லிருங்க” என்றாள் ரபீக்கா மடியில் இருந்த பைகளைச் சரிசெய்துகொண்டு. “திங்கக்கிழமை அவக்கு நேர்முகம் இரிக்கி. நிரந்தரமாக்கிறதுக்கு. எட்டரைக்கு அங்க நிக்கோணும்.”

“நான் சொல்லுறன்.”

“மறந்திராதீங்க.”

“ஊருக்குள்ளதானே. சொல்லுறன்.”

சொல்லத்தான் நினைத்திருந்தாள். சனிக்கிழமை வயலில் வேலை, நேரம் கிடைக்கவில்லை. ஞாயிறு காலை ஆதிகோணநாயகர் கோயிலில் பூசை முடிந்து வெளியே வரும்போது, செருப்பைத் தேடிக்கொண்டு லக்சாயினியே எதிரில் நின்றாள். நெற்றியில் திருநீறு, தலையில் மல்லிகை.

“அன்ரி! நாளைக்கு எனக்கு நேர்முகம். சாமியிட்ட நல்லா அழுது போட்டு வாறன்.”

“ஓம், ரபீக்கா சொன்னவ” என்றாள் பத்மாசனி. அடுத்த சொல் பஸ்ஸைப் பற்றியதுதான். அது நுனிநாக்கில் நின்றது.

“கிடைச்சா வாற ஞாயிறு ரபீக்கா அக்கா வீட்ட எனக்குச் சாப்பாடு. அக்காவே கூப்பிட்டவ. அம்ராவுக்கு நான் ஒரு உடுப்பும் எடுத்து வைச்சிட்டன்.”

ரபீக்காவின் வீடு. இத்தனை வருடங்களில் பத்மாசனி அந்த வாசலை ஒரு தரமும் மிதித்ததில்லை. வீதியிலிருந்து எத்தனையாவது வீடு என்றுகூட அவளுக்குச் சரியாகத் தெரியாது. பஸ்ஸில் ஏறி நாலு மாதமாகாத இந்தப் பிள்ளை அங்கே போய் இருந்து சாப்பிடப் போகிறது.

“நல்லது. கவனமாப் போட்டு வா” என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தாள். கேணியடி தாண்டும்வரை, திரும்பிப் போய்ச் சொல்லிவிடலாம் என்ற நினைப்பு இருந்தது. வீட்டுப் படலையைத் திறக்கும்போது, ‘யாராவது சொல்லியிருப்பினம்’ என்று மனதுக்குச் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

திங்கட்கிழமை அரை மணி முந்தி வந்து ஸ்கூட்டியை மஹ்ரூபின் வளவுக்குள் விட்டபோது, லக்சாயினி வழமையாக விடும் இடம் வெறுமையாக இருந்தது. பஸ் வந்தது. ரபீக்கா யன்னலால் எட்டிப் பார்த்தாள்.

“எங்க புள்ள?”

“தெரியேல்ல.”

“சொன்னீங்கதானே?”

பத்மாசனி அவளுடைய முகத்தைப் பார்த்தாள். “ஓம். சொன்னனான்.”

ரபீக்கா எழும்பித் தர்சனிடம் கெஞ்சினாள். இரண்டு நிமிடம் பொறுக்கச் சொன்னாள். சாரதி ஹோர்ன் அடித்தார். வயல் வீதியில் ஒரு உழவு இயந்திரம்தான் வந்துகொண்டிருந்தது. பஸ் வெளிக்கிட்டது. பின்கண்ணாடி வழியாகச் சந்தி சிறுத்துப் போகிறதை ரபீக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள். பத்மாசனி தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து இடம் வெறுமையாகத்தான் இருந்தது. அவள் விரும்பியது அதுதான். ஆனால் வாய் கசந்தது.

வீதி வேலை நடந்த இடத்தில் பஸ் நீண்ட வரிசையில் மாட்டிக்கொண்டது. ஒருபக்கத்து வாகனங்களை மறித்து மறுபக்கத்தை விட்டார்கள். அரை மணி முந்தி வந்தும் வரிசை நகரவில்லை. எல்லோரும் புறுபுறுத்துக்கொண்டிருக்கையில் ரபீக்கா திடீரென்று எழும்பி நின்று கத்தினாள்:

“அல்லாஹ்வே! அந்தா! பத்மாக்கா, அந்தா வாறா!”

நின்ற லொறிகளுக்கும் தார் பீப்பாக்களுக்கும் இடையால் ஒரு சிவப்பு ஸ்கூட்டி நெளிந்து நெளிந்து வந்தது. நேர்முகத்துக்குக் கட்டிய நீலச் சேலையை முழங்கால் வரை செருகி, கழுத்தில் பையைக் குறுக்காக மாட்டி, முகமெல்லாம் புழுதியாக லக்சாயினி. பஸ்ஸுக்குப் பக்கத்தில் வந்தபோது ஒரு கையை விட்டுக் காட்டினாள். பஸ்ஸில் இருந்த சனம் முழுவதும் வலப்பக்க யன்னல்களுக்கு வந்து கைதட்டியது. தர்சன் விசில் அடித்தான். தலையை வெளியே நீட்டி ரபீக்கா, “கவனம்டி! கவனம்!” என்று குழறினாள். ஸ்கூட்டி வரிசையின் முன்னுக்குப் போய் மறைந்தது.

கைதட்டாமல் இருந்தவள் பத்மாசனி மட்டும்தான். அந்தப் பிள்ளை விழுந்திருந்தால் என்று ஒரு கணம் நினைத்துப் பார்த்தாள். பின்னால் வந்த டிப்பரின் சில்லு அவளுடைய தோளளவு உயரம் இருந்தது. மடியில் இருந்த பையை இறுக்கிப் பிடித்தாள்.

பின்னேரம் பட்டணத்து பஸ் நிலையத்தில் லக்சாயினி இவர்களைத் தேடி வந்தாள். ஸ்கூட்டியை ஓரமாக நிறுத்திவிட்டு ஓடி வந்து ரபீக்காவைக் கட்டிப்பிடித்தாள். வேலை நிரந்தரமாகிவிட்டது. பிறகுதான் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டாள்:

“ஏன் ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்ல? மஹ்ரூப் நானா சொல்லித்தான் பஸ் போனதே தெரியும். உயிரைக் கையில பிடிச்சுக்கொண்டு வந்தனான்.”

ரபீக்கா பத்மாசனியைப் பார்த்தாள். ஒரு கணம்தான். பத்மாசனியால் அந்தப் பார்வையைத் தாங்க ஏலவில்லை. உண்மை வெளியே வரப்போகிறது என்று காத்திருந்தாள். வந்தாலும் பரவாயில்லை, முடிந்துவிடும் என்றுகூட இருந்தது.

“என்ட பிழைதான் புள்ள” என்றாள் ரபீக்கா. “நான்தான் சொல்லியனுப்புறன் எண்டு நெனச்சிட்டு மறந்துபோய்ட்டன்.”

லக்சாயினியின் முகம் சுண்டிப்போனது. “நீங்களா அக்கா? இண்டைக்கு நேர்முகம் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே?” என்றாள். கோபித்துக்கொண்டு ஸ்கூட்டியில் ஏறிப் போய்விட்டாள். வீடு திரும்பும் வழி முழுக்க ரபீக்கா யன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தாள். சந்தியில் இறங்கும்போது பத்மாசனி, “போட்டு வாறன்” என்றாள். “ம்” என்றாள் ரபீக்கா.

அடுத்த நாள் முள்ளிப்பொத்தானையில் ரபீக்கா பஸ் ஏறவில்லை. சுகமில்லையாக்கும் என்று பத்மாசனி நினைத்தாள். கப்பல்துறை வரிசையில் பஸ் நின்றபோது அந்தச் சிவப்பு ஸ்கூட்டி மறுபடியும் கடந்து போனது. பின்னால் ரபீக்கா. அபாயாவைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, இரவல் ஹெல்மட் போட்டுக்கொண்டு, லக்சாயினியின் தோளில் கை வைத்து இருந்தாள். தனியே பட்டணம் வரை ஓடலாம் என்பதை லக்சாயினி திங்கட்கிழமைதான் கண்டுபிடித்திருந்தாள். அன்றிரவே ரபீக்கா மஹ்ரூபிடம் எண்ணை வாங்கி, அவளுடைய வீட்டுத் தொலைபேசிக்கு எடுத்து மன்னிப்புக் கேட்க, அவளும் கோபம் ஆறி, “அக்கா, நான் வந்து ஏத்திறன்” என்றாளாம். எதிர்ப்பக்கம் முள்ளிப்பொத்தானைக்குப் போய் ஏற்றிக்கொண்டு வருகிறாள். இதையெல்லாம் மஹ்ரூப் சொல்லித்தான் பத்மாசனி அறிந்தாள்.

ஆக, அவள் சொல்லாமல் விட்டதால் வந்த பலன் அதுதான். இருவர் இருக்கையின் யன்னலோரம் இப்போது முழுக்க அவளுக்கு. பக்கத்தில் ஒவ்வொரு நாளும் யாரோ ஒரு ஆள் வந்து இருந்து நித்திரை கொண்டார். ஸ்கூட்டி கடந்து போகிற இடம் வர முன்னமே அவள் கண்ணை மூடிக்கொள்வாள். மூடினாலும் அந்த ஹோர்ன் சத்தம் அவளுக்குத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை கதிரவேலிடம், “நான் முள்ளிப்பொத்தானைக்கு ஒருக்காப் போட்டு வாறன்” என்றாள். எதற்கு என்று அவர் கேட்டதற்கு, “நான் ஒரு புத்தியில்லாத மோட்டு வேலை பார்த்திட்டன்” என்று மட்டும் சொன்னாள். கடையொன்றில் கேட்டு வீட்டைக் கண்டுபிடித்தாள். கண்டி வீதியிலிருந்து ஐந்தாவது வீடு.

ரபீக்கா கதவைத் திறந்து, ஆச்சரியத்தில் சேலைத் தலைப்பை இழுத்துத் தலையில் போட்டாள். “வாங்க” என்றாள். கதிரையை இழுத்துப் போட்டாள். குசினியிலிருந்து கறி வாசம் வந்தது.

“நான் அவளுக்குச் சொல்லேல்ல ரபீக்கா. மறக்கேல்ல. வேணுமெண்டுதான் சொல்லேல்ல.”

“தெரியும்.”

“தெரிஞ்சும் ஏன் என்னைக் காப்பாத்தினீங்கள்?”

“அந்தச் சின்னப் புள்ளைக்கு முன்னால உங்கட முகம் கறுக்கிறதப் பாக்க எனக்கு ஏலாது.” ரபீக்கா எதிரே அமர்ந்தாள். “நீங்க சொல்லாததுக்கு எனக்குக் கோவமில்ல, பத்மாக்கா. ‘சொன்னனான்’ எண்டு என்ட முகத்தப் பாத்துச் சொன்னீங்களே. அதுதான் இன்னமும் நெஞ்சுக்க நிக்கிது.”

பத்மாசனி அழுதாள். அழுதுகொண்டே, இவ்வளவு நாளும் உள்ளே வைத்திருந்ததையும் கொட்டினாள். அவளோடுதானே நீங்கள் சிரிக்கிறீர்கள், அம்ராவின் செய்தியையும் அவளுக்குத்தானே முதலில் சொன்னீர்கள், அவளைத்தானே வீட்டுக்குக் கூப்பிட்டீர்கள் என்றாள். “என்னை ஒருக்கா, ஒரே ஒருக்காக் கூப்பிட்டிருப்பீங்களா?”

ரபீக்கா எழும்பிக் குசினிக்குள் போனாள். அலுமாரி திறக்கிற சத்தம் கேட்டது. கையில் ஒரு சட்டியோடு வந்தாள். அடி கறுக்காத புதுச் சட்டி.

“நாம பழகின முதல் பெருநாளைக்கு வாங்கினது. நீங்க வந்தா மரக்கறி ஆக்கிறதுக்கெண்டு. எங்கட இறைச்சிக் கறி படாத சட்டி. ஒவ்வொரு பெருநாளும் கூப்பிட்டன். ‘பாப்பம்’ எண்டு சொன்னீங்க. பிறகு நான் கூப்பிட்டுக் கூப்பிட்டு வெக்கப்பட்டு நிப்பாட்டிட்டன். அந்தப் புள்ள ‘எப்ப அக்கா உங்கட வீட்ட வாறது?’ எண்டு கேட்டா, கூப்பிட்டன். நீங்க கேக்கவேயில்ல.”

பத்மாசனிக்குத் தான் சொன்ன ஒவ்வொரு ‘பாப்ப’மும் ஞாபகம் வந்தது. வயல் வேலை என்றிருக்கிறாள், விரதம் என்றிருக்கிறாள். உண்மையில், ஊர்ச் சனம் கண்டால் என்ன கதைக்கும், தட்டில் என்ன வைப்பார்களோ என்ற யோசனைதான். பஸ்ஸுக்குள் இருந்த ரபீக்காவை மட்டும்தான் அவள் தனக்கென்று வைத்துக்கொள்ள ஆசைப்பட்டிருக்கிறாள். பஸ்ஸை விட்டு இறங்கிய ரபீக்காவின் பின்னால் ஒரு நாளும் போனதில்லை.

வெளியே ஸ்கூட்டிச் சத்தம் கேட்டது. லக்சாயினி உடுப்புப் பார்சலோடு உள்ளே வந்தாள். “அட, அன்ரியும் வந்திருக்கிறீங்களா!” என்று உண்மையாகவே சந்தோசப்பட்டாள்.

“அவக்குச் சொல்றதும் விடுறதும் உங்கட விருப்பம்” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு ரபீக்கா குசினிக்குள் போனாள்.

பத்மாசனி சொன்னாள். நின்றபடியே, சுற்றி வளைக்காமல் சொன்னாள். லக்சாயினி முதலில் பகிடி என்று நினைத்துச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

“நான் உங்களுக்கு என்ன செய்தனான், அன்ரி?”

“நீ ஒண்டும் செய்யேல்ல. அவ உன்னோட சிரிச்சது எனக்குப் பொறுக்கேல்ல.”

“அதுக்கு? டிப்பருக்குள்ள போயிருந்தனெண்டா?”

அன்று அவர்கள் மூன்று பேரும் அம்ராவும் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். பத்மாசனிக்குக் கத்தரிக்காய்க் கறி அந்தப் புதுச் சட்டியிலிருந்து வந்தது. லக்சாயினி சாப்பிட்டு முடியும்வரை அவளோடு ஒரு வார்த்தையும் பேசவில்லை. அம்ராவோடும் ரபீக்காவோடும் மட்டும் கதைத்தாள். அது நியாயம் என்று பத்மாசனிக்குத் தெரிந்தது. ஆனாலும், அம்ராவின் தலையை அந்தப் பிள்ளை உரிமையோடு கோதிவிட்டபோது, நெஞ்சுக்குள் அதே பழைய எரிவு கிளம்பத்தான் செய்தது. ஒத்துக்கொண்டதால் அது போய்விடவில்லை.

மாரி மழை பிடித்த பிறகு ஸ்கூட்டியில் பட்டணம் போவது நின்றது. லக்சாயினி மீண்டும் மஹ்ரூபின் வளவில் வாகனத்தை விட்டாள். ஆனால் பஸ்ஸில் பின்னால், வங்கியில் வேலை செய்யும் வேறு பிள்ளைகளோடு போய் இருந்துகொண்டாள். பத்மாசனியைக் கண்டால் தலையசைப்பாள், அவ்வளவுதான். ஒரு நாள் சந்தியில் கடும் மழையில், தன் குடையை லக்சாயினி கொஞ்சம் இந்தப் பக்கம் சரித்துப் பிடித்தாள். பத்மாசனி அதற்குள் போய் நின்றாள்.

ரபீக்கா பழையபடி பக்கத்தில் இருந்தாள். ஆனால் வாயைத் திறந்தால் அந்தப் பிள்ளையின் புகழ்தான். லக்சாயினிக்குச் சம்பளம் கூடியது, லக்சாயினிக்குக் கலியாணம் பேசுகிறார்கள், லக்சாயினி அம்ராவுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தாள். பத்மாசனி சீனக்குடாப் பக்கத்து மழைமேகத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டாள், கேட்டாள், கடைசியில் பொறுக்க ஏலாமல் திரும்பினாள்.

“ரபீக்கா, இண்டைக்கு அவளைப் பற்றிக் கதைச்சது காணும், போதும். எனக்கு எரியுது.”

ரபீக்கா திகைத்துப் போனாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. பத்மாசனியும் சிரித்துவிட்டாள். முன்னால் நின்ற தர்சன், டிக்கட் புத்தகத்தோடு திரும்பிப் பார்த்து, “என்ன, என்ன?” என்று கேட்டான்.

“அது உங்களுக்கு வேணாம் தம்பி” என்றாள் ரபீக்கா. “நீங்க போய் முன்னால டிக்கட்டக் கிழியுங்க.”